ஜவ்வாது மலையின் வெளிச்ச வள்ளல்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பழைய ஆம்னிக்குப் புது வாழ்வு கொடுத்துவிட்டாய் என்று ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் வரை பேச்சாக இருக்கிறது. அந்தப் பேச்சில் என் பங்கையும் சேர்க்கத்தான் இதை எழுதுகிறேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட எத்தனையோ பேரை மலைக்கு மேலே வீடு சேர்ப்பவன் நீ. 2019-ஆம் ஆண்டோடு அந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திவிட்டது, நீ நிறுத்தவில்லை. நேரில் பாராட்டினால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாய். எழுத்தாக இருந்தால் சவாரி இல்லாத நேரத்தில் நிதானமாகப் படிப்பாய்.

முதலில் உன் கொடை. கம்பெனி வைத்து அனுப்பிய ரூஃப் லைட் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு முனையிலும் தகரத் தொப்பி போட்ட சின்னக் குழல் பல்பு. மஞ்சளாக, மெதுவாக எரியும். அதை வைத்துச் சில்லறை எண்ணலாம், கதவுக் கொண்டியைத் தேடலாம், அவ்வளவுதான். அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. தகடு ஒட்டினாய். கூரை ஓரமாக வெள்ளைப் பட்டை ஓடவிட்டாய். டேஷ்போர்டுக்கு அடியில் நீலப் பட்டை வந்தது. மீட்டருக்குள் இருந்த குட்டி பல்புகளும் பளீர் வெள்ளைக்கு மாறின. இப்போது கடைசி சீட்டில் உட்கார்ந்தால் சாமை மூட்டையின் தையலை எண்ணலாம். எதிரில் இருப்பவர் வெற்றிலைக்கு எவ்வளவு சுண்ணாம்பு தடவுகிறார் என்று பார்க்கலாம்.

பக்கத்துத் தகடூரை ஆண்ட அதியமான், நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பார்கள். நீ அவனையும் தாண்டிவிட்டாய். ஓட்டுகிறவனுக்கு வேண்டிய பார்வையையே எடுத்து, ஓட்டத் தெரியாத எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டாய். பின்சீட்டில் இருக்கும் எங்களுக்கு எல்லாம் தெரிகிறது. ஸ்டீயரிங் பிடித்திருக்கும் உனக்குத்தான் பாதை தெரிவதில்லை.

இந்தக் கொடை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குள் இரண்டு வகைப் பார்வைச் செல்கள் இருக்கின்றன. கூம்பு செல்கள் பகலுக்கு; நிறம் பார்ப்பவை அவை. கோல் செல்கள் இருட்டுக்கு. நிறம் தெரியாது, ஆனால் மிகக் குறைந்த ஒளியிலும் அசைவைப் பிடித்துவிடும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கோல் செல்கள் முழுதாக விழித்துக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். அவற்றைக் கூசவைக்க ஒரு நொடி போதும். ஹெட்லைட் எரிவதால் டிரைவரின் கண் முழு இருட்டுக்குப் பழகுவதே இல்லை, அது உண்மைதான். ஆனால் ஹெட்லைட் ஒளி நேராகப் போகிறது. கொண்டை ஊசி வளைவு நேராகப் போவதில்லை. வண்டி திரும்புவதற்கு முன்பே வளைவின் உள்பக்கம் என்ன நிற்கிறது என்று பார்க்க, அந்த ஒளியின் ஓரத்து அரை இருட்டைத்தான் கண் நம்பியிருக்கிறது. அந்த அரை இருட்டைப் படிக்கும் திறனைத்தான் நீ எங்களுக்காக விட்டுக்கொடுத்தாய்.

அதிலும் நீ தேர்ந்தெடுத்த நிறம்! கோல் செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு, சுமார் 500 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, மிக வேகமாகக் கூசும். ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அதனால்தான் அந்தக் காலத்து விமானி அறைகளில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். வானம் பார்ப்பவர்கள் இன்றும் சிவப்பு டார்ச்சோடு நடக்கிறார்கள். கடையில் சிவப்பும் இருந்தது, இளமஞ்சளும் இருந்தது. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கண்ணின் இருட்டுப் பார்வையை மிகச் சீக்கிரம் அழிக்கும் நிறங்களாகப் பார்த்து எடுத்தாய். கண் மருத்துவரிடம் யோசனை கேட்டுப் போனவன்கூட இவ்வளவு குறி தவறாமல் எடுத்திருக்க முடியாது.

அடுத்தது உன் சிக்கனம். பழைய பல்பு 10 வாட். அது இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெப்பமாகவே போகும். மூடி பழுத்து வெடித்ததும் அதனால்தான். கதவைச் சரியாகச் சாத்தாமல் இரவு முழுக்க எரியவிட்டால், 10 மணி நேரத்தில் 8 ஆம்பியர்-மணி தீர்ந்துவிடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது கால்வாசி. பேட்டரி பழையதென்றால் காலையில் நான்கு பேர் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அந்த இடத்தில் ஒரு வாட் எல்.இ.டி. வைத்தால் அதே இரவில் ஒரு ஆம்பியர்-மணிகூடப் போகாது. இந்த இடத்தில் உனக்கு நான் தரும் பாராட்டில் எந்த உள்குத்தும் இல்லை. பழைய வண்டிக்கு, பழைய பேட்டரிக்கு, இதைவிட நல்ல காரியம் கிடையாது.

மிச்சம் பிடித்த அந்த 9 வாட்டை நீ என்ன செய்தாய் என்பதில்தான் உன் பெருந்தன்மை தெரிகிறது. மீட்டர் நீளத்துக்கு 60 சில்லு பதித்த பெரிய வகைப் பட்டை, ஒரு மீட்டருக்கே சுமார் 14 வாட் இழுக்கும். ஐந்து மீட்டர் சுருள் முழுவதையும் உள்ளே ஓட்டியிருக்கிறாய். 70 வாட் ஆகிவிட்டது. உன் வண்டியின் ஹெட்லைட்டில் ஒரு பக்க பல்பு டிம்மில் எரிந்தால் 55 வாட்தான். பாதைக்கு ஒரு பக்கம் கொடுப்பதைவிடக் கூரைக்கு அதிகம் கொடுக்கும் வண்டி இந்த மலையில் உன்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த 70 வாட்டுக்கு 6 ஆம்பியர் ஓட வேண்டும். பழைய ரூஃப் லைட் வயரோ ஒரு ஆம்பியருக்கும் குறைவாகக் கண்டு பழகிய மெல்லிய வயர். நல்லவேளையாக அந்த வயரை நீ தொல்லைப்படுத்தவில்லை. பேட்டரியிலிருந்து நேரடி லைன் இழுத்துவிட்டாய், நடுவில் பியூஸ்கூட வைக்காமல். வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தடுத்து நிறுத்த வழியில் ஒருவரும் இல்லை. அந்த லைன் சீட்டுக்கு அடியில் போகிறது. அந்த சீட்டில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைக்கிறாய்.

உன் வண்டியின் அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாயங்காலம் தாண்டி மலை ஏறும்போது கீழே இருந்தே உன்னை அடையாளம் தெரிகிறது. மேல் வளைவில் நகரும் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துத் திண்ணையில் இருப்பவர்கள், "அதோ வருது" என்கிறார்கள். எல்லோருக்கும் உன்னைத் தெரிகிறது. உனக்கோ முன்னால் வருபவர் யாரும் தெரிவதில்லை. இரவில் உள்ளே விளக்கெரியும் வீட்டு ஜன்னலில் வெளியே பார்த்தால் நம் முகம்தானே தெரியும். உன் முன் கண்ணாடியும் அப்படியே ஆகிவிட்டது. அதில் நாங்கள் எல்லோரும் தெரிகிறோம். கொட்டாவி விடுபவர், தூங்கி விழுபவர், மடியில் பலாப்பழம் வைத்திருப்பவர், எல்லோரும் பாதைக்கு மேலே மிதக்கிறோம். பயணிகளை இவ்வளவு நேரம் கண்முன்னாலேயே வைத்திருக்கும் டிரைவர் யார் இருக்கிறார்கள்?

அன்றைக்குப் புளிக்கூடையோடு ஏறிய ஆயா சொன்னதை நீ காதில் வாங்கவில்லை. "அத்த நிறுத்திடு நைனா, கண்ணு கூசுது" என்றார். நீ திரும்பிப் பார்த்து, "செலவு பண்ணிப் போட்டிருக்கேன் ஆயா, பளிச்சுனு இல்ல?" என்றாய். "பளிச்சுனுதான் இருக்குது, நீ முன்னால பாரு" என்றார். நீ முன்னால் பார்த்தபோது வளைவின் நடுவில் கறுப்பு எருமை ஒன்று படுத்திருந்தது. பகல் வெயில் ஏறிய தார் ரோட்டில் சூடு காய ராத்திரி மாடுகள் படுப்பது இந்த மலையில் புதிதா? நீ பிரேக் அடித்ததில் கூடை கவிழ்ந்து புளியெல்லாம் உருண்டது. எருமை தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. சிதறிய புளியை ஒன்றுவிடாமல் பொறுக்கியெடுக்க உன் வெளிச்சம்தான் உதவியது. அந்த நன்றியையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சின்ன உயிர்களும் உன்னைப் போற்றுகின்றன. மழை விட்ட மாலையில் கதவைத் திறந்து வைத்து ஆள் ஏற்றுகிறாய். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சிகள் மஞ்சளைவிட அதிகமாக வரும். ஊரிலுள்ள ஈசல் எல்லாம் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடுகிறது. பாட்டு கேட்கும் ரேடியோவும் விளக்கைப் போட்டதும் கரகரவென்று விளக்கின் புகழைத்தான் பாடுகிறது, மலிவான எல்.இ.டி.யின் மின்சுற்று கிளப்பும் இரைச்சல் அது.

இன்னொரு பெரிய காரியமும் உன்னால் நடக்கிறது. அதை நீ அறிய மாட்டாய். காவலூரைத் தாண்டும்போது இடது கையை ஜன்னலில் காட்டி, "அங்கதான் பெரிய டெலஸ்கோப் இருக்குது" என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறாய். அது இங்கே வந்த கதை உனக்குத் தெரியவேண்டும். வைணு பாப்பு என்ற விஞ்ஞானி தென்னிந்தியா முழுக்க இடம் தேடி இந்த மலையைப் பிடித்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானமும் வடவானமும் தெரியும், சுற்றிலும் காடு, எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல இருட்டு. 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தத் துணைக்கோளைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தை இங்கிருந்து பார்த்தார்கள்.

1977 மார்ச் 10 இரவு இன்னும் நுட்பமானது. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்து போனது. கோள் மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கித் தெளிந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்துகொண்ட இரவு அது; அந்த மங்கலைப் பதிவு செய்த இடங்களில் நம் காவலூரும் ஒன்று. ஒரு விண்மீனின் ஒளியில் விழுந்த அந்தச் சிறு குறையை இங்கே உட்கார்ந்து பிடிக்க முடிந்தது என்றால், அன்று இந்த மலை எவ்வளவு இருட்டாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இயங்கத் தொடங்கியது. அதற்காக உழைத்த பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். வானாய்வகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர்.

இந்த மலைக்காரர்களாகிய நாம் சாமை விற்கிறோம், தேன் விற்கிறோம், புளி விற்கிறோம். நாம் விலை வைக்காமல் உலகத்துக்குக் கொடுத்தது இந்த இருட்டு ஒன்றைத்தான். உன் ஒரு வண்டியின் உள்விளக்கு அந்தத் தொலைநோக்கியைக் குருடாக்கிவிடாது. அவ்வளவு பெரிய பழியை உன் தலையில் கட்ட மாட்டேன். சமவெளி ஊர்களின் வெளிச்சம்தான் பெரிய கேடு. 2015 ஜனவரியில் மத்திய அரசு தெருவிளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றும் திட்டம் தொடங்கி, நாடு முழுக்க ஒரு கோடிக்கும் மேல் மாற்றியாகிவிட்டது. மின்சாரம் மிச்சமானது, நல்லது. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் குவிந்திருக்கும். அதை விலக்கிவிட்டு வானத்தைப் படிப்பது ஓரளவு சுலபம். எல்.இ.டி. வெள்ளையின் அடிப்படை ஒரு நீலச் சில்லு; அதன்மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீலச் சில்லைக் கண்டுபிடித்ததற்கு அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளி காற்றில் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதும் அதனால்தான். ஆக, நீலம் மிகுந்த விளக்கை ஏற்ற ஏற்ற, இரவு வானத்துக்கும் பகலின் சாயலைப் பூசிக்கொண்டிருக்கிறோம்.

இதில் உன் பங்கு சிறியது. ஆனால் முன்னோடி நீதான். உன் வண்டியைப் பார்த்து இரண்டு ஜீப்புக்காரர்கள் பட்டை ஒட்டிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து டீக்கடைப் பலகை மாறியது. கோடை விழாவுக்கு வரும் வண்டிகள் எல்லாம் உன்னைப் பார்த்துப் போட்டி போடுகின்றன. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காவலூரில் பெரிய விஞ்ஞானிகள் கண்விழித்துக் காத்த இருட்டை, கடையில் வாங்கிய ஒரு சுருளால் அசைத்துப் பார்க்கும் துணிச்சல் உனக்கு வந்திருக்கிறது.

போதும் தம்பி. புகழ்ந்து புகழ்ந்து என் கையே வலிக்கிறது. இனி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பழைய வண்டியைப் பளபளப்பாக வைக்க நினைப்பதும், ஏறுகிறவர்கள் இருட்டில் தடுமாறக் கூடாது என்று நினைப்பதும் நல்ல மனசு. அந்த மனசுக்குச் சரியான விளக்கு எது என்பதில்தான் தவறிவிட்டாய். அதைத் திருத்த ஒரு மாலை நேரம் போதும். அந்தப் பட்டைகள் இரண்டையும் உரித்துவிடு. பியூஸ் இல்லாத நேரடி லைனை இன்றைக்கே கழற்று; மற்றது நாளைக்குக்கூட ஆகட்டும், இது தள்ளிப்போகக் கூடாது. ரூஃப் லைட்டில் எல்.இ.டி.யே இருக்கட்டும், ஆனால் அட்டையில் 6000 கெல்வின் என்று போட்டதை விட்டுவிட்டு 3000 அல்லது அதற்கும் கீழே பார்த்து வாங்கு. பழைய பல்பின் மஞ்சளுக்கு அது பக்கத்தில் இருக்கும். ஒரு வாட்டுக்கு மேல் வேண்டாம். பழைய பல்பை எப்படிப் போட்டாலும் எரியும், எல்.இ.டி. எரியவில்லை என்றால் உடனே எடுத்து வீசிவிடாதே, முனையைத் திருப்பிப் போட்டுப் பார். மேலே பால் நிற மூடி இருந்தால் சில்லு நேராகக் கண்ணில் குத்தாது. கதவு திறந்தால் எரியட்டும், சாத்தினால் அணையட்டும். அந்த சுவிட்சை உன் வண்டியில் கம்பெனியே வைத்துத்தான் கொடுத்தது. ஓடும்போது யாராவது எதையாவது தேடினால் பின்சீட்டுப் பக்கம் கீழ்நோக்கிய சிவப்பு விளக்கு ஒன்று வை, உன் கண்ணில் படாமல். மீட்டருக்கும் மங்கலான மஞ்சளே போதும். வேகமுள் தெரிந்தால் சரி.

இப்படிச் செய்கிறவர்கள் ஊர் உலகத்தில் இருக்கிறார்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தைச் சுற்றி 2022-இல் இருள்வான் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே உள்ள வானாய்வகத்தை நடத்துவதும் காவலூரை நடத்தும் அதே பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம்தான். அந்த ஊர் மக்கள் ஜன்னலுக்குத் திரை போடுகிறார்கள், விளக்குக்கு மூடி போடுகிறார்கள், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் ஹெட்லைட்டைத் தாழ்த்துகிறார்கள். இருட்டைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களால் அவர்களுக்கு வருமானமும் வருகிறது. உன் பிழைப்பும் வெளியூர்க்காரர்களை நம்பியதுதானே? பீமன் அருவிக்குப் பகலில் அழைத்துப் போகிறாய். இரவில் வண்டியை ஓரங்கட்டி, விளக்கையெல்லாம் அணைத்து, இறக்கிவிட்டு மேலே பார்க்கச் சொல். சென்னையிலும் பெங்களூரிலும் காணக் கிடைக்காத வானத்தைக் காட்டும் டிரைவர் என்று உன்னைத் தேடி வருவார்கள்.

எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒன்று மட்டும் செய். இன்றைக்குக் கடைசி சவாரியில் ஆட்களை இறக்கிய பிறகு, உள்ளே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, மெதுவாக வீடுவரை ஓட்டிப் பார். வளைவுக்கு உள்ளே என்ன நிற்கிறது என்று உனக்கே தெரியும். இத்தனை நாள் பார்க்காமல் கடந்தவை எத்தனை என்பதும் தெரியும். அந்தப் பாதையில்தான் நாளை காலையிலும் எங்கள் பிள்ளைகள் உன் வண்டியில் ஏறப்போகிறார்கள். அவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் என்ற பெயர் உனக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பெயருக்கு மேலே எந்த விளக்கும் உனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வண்டியில் எப்போதும் முன்சீட்டுக்குப் போட்டி போடும் அண்ணன்